வரைபடத்தில் ஒரு சாண்

என் அன்பான ஊர்சுற்றிக்கு,

ஏழாவது நாட்டிலிருந்து நீங்கள் அனுப்பிய பயண வழிகாட்டிப் பக்கங்கள் கிடைத்தன. பிழை திருத்த உட்கார்ந்தால், முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டீர்கள்.

'எல்லையிலிருந்து ஏரி ஒரு சாண் தூரம்தான். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பலாம்.' வரைபடத்தில் கையை விரித்து அளந்தீர்களாக்கும்! போன பதிப்பிலும் இதே வரிதான்; அதை நம்பிப் போன ஒருவர் நம் பதிப்பகத்துக்கே வந்து என் மேசை முன்னால் நின்றுவிட்டார். "யாரும்மா அந்த ஒரு சாண்காரர்? ரெண்டு நாள் ரயில்ல உட்கார்ந்து என் இடுப்பே போச்சு!" எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்த வரியை அடித்துவிட்டு, 'இது பரந்த நிலப்பரப்பு. எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாமல், ஓர் ஊரில் நிதானமாகத் தங்குங்கள்' என்று எழுதியிருக்கிறேன். உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கோபப்படாதீர்கள், உங்கள் வரைபட அறையைக் காலி செய்துவிட்டேன். வெயில் நன்றாக வரும் அறை நம் வீட்டில் அது ஒன்றுதானே. "நீ ஒண்ணையும் தூக்கக் கூடாது, சும்மா உட்காரு" என்று அதட்டிவிட்டு, உங்கள் அக்காதான் எல்லாப் பெட்டிகளையும் இறக்கினார்.

நேற்று டாக்டரம்மா திரையில் காட்டினார். ஒரு சாண்கூட இல்லை. அதற்குள் என்ன உதை, என்ன ஆட்டம்! நிச்சயம் உங்களைப் போல ஊர்சுற்றிதான்.

இதை அளக்க உங்கள் கை வேண்டும். அடுத்த ரயிலைப் பிடியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிழைகளைத் திருத்தி அலுக்காதவள்