அம்மாவுக்காகக் கறுப்பாக்கின தலை

மே 13, செவ்வாய்

விடியவே வெக்கை. ஒரு இலை ஆடேல்லை. கிணத்துத் தண்ணி அடியிலை கிடக்கு.

அம்மா இண்டைக்கும் என்ரை கையாலை ஒண்டும் வாங்கேல்லை. கஞ்சிக் கோப்பையைத் தட்டிவிட்டா. "எடியே, உன்ரை பச்சைத்தண்ணியும் என்ரை தொண்டையாலை இறங்காது. போ அங்காலை!"

இந்த மறதியிலை நான் அவவுக்கு மகள் வதனி இல்லை. மாமி. அப்பான்ரை தங்கச்சி, அம்மாவுக்கு மச்சாள். எல்லை வேலியின்ரை கதியாலை எங்கடை காணிக்கை தள்ளி நட்டவ எண்டு சண்டை. அதோடை கதைபேச்சு இல்லை, நல்லது கெட்டது இல்லை, ஒருத்தர் வீட்டிலை ஒருத்தர் தண்ணி குடிக்கிறதும் இல்லை. மாமி செத்தும் போனா. அம்மா செத்தவீட்டுக்கும் போகேல்லை, என்னையும் விடேல்லை.

எல்லாம் இந்தத் தலைமயிராலை வந்த வினை. பைக்கற் டை போட்டு மூஞ்சி வீங்கி, கண் ரெண்டும் மூடி, இனி அதைத் தொடவே கூடாதெண்டு டொக்டர் ஏசி விட்டவர். விட்டன். முழுக்க வெள்ளை. கண்ணாடியைப் பாத்தால் எனக்கே திடுக்கிடுது, மாமியின்ரை அச்சு. ஊரிலை எத்தினை மூஞ்சி இருக்கு, எனக்கு அவவின்ரையே வந்து வாய்க்கவேணும்?

துவாயாலை தலையை மூடிக்கொண்டு போய்ப் பாத்தன். "களவெடுக்க வந்திருக்கிறாள் பார், தலையை மூடிக்கொண்டு."

பக்கத்து வீட்டுக் கலா பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போக முந்தி வந்து ரெண்டு வாய் கஞ்சி தீத்தினாள். மூண்டாவது வாய்க்கு அம்மா கேட்டா, "உது ஆரின்ரை குசினியிலை காய்ச்சினது?" அதோடை சரி.

மே 14, புதன்

நேர்ஸ் மிஸி வந்து பாத்தா. அம்மான்ரை நாக்கு காய்ஞ்சு போச்சாம். திங்கக்கிழமை திரும்ப வருவாவாம், அதுக்குள்ளை தண்ணி ஒழுங்கா உள்ளுக்கை போகாட்டி ஆசுப்பத்திரி வாட்டிலை மறிக்கத்தான் வேணுமாம்.

போன முறை மறிச்ச நேரம் ஊசியைப் பிடுங்கிறா எண்டு ரெண்டு கையையும் கட்டிலோடை கட்டி வைச்சவை. "வதனி, அவிட்டு விடடி" எண்டு கத்தினா. அப்ப என்னைத் தெரியும் அவவுக்கு. திரும்ப விடமாட்டன். என்ன வந்தாலும் விடமாட்டன்.

கலா சொல்லுறாள், "தலையைக் கறுப்பாக்கிப் பாருங்கோ அக்கா. டை வேண்டாம். குசினியிலை இல்லாத சாமானே?"

தேயிலை, கடும் சாயம், ஆறவிட்டு ஊத்த.
கோப்பித்தூள், தேங்காயெண்ணெய்.
பீற்றூட் வேண்டாம் (கலான்ரை மகள் போட்டிட்டு ரோஸ் நிறத்திலை திரிஞ்சவள்).
சவர்க்காரம் முடிஞ்சுது, வாங்க.

பின்னேரம் தேயிலை ஊத்தினன். காவோலை மாதிரிப் பழுப்பு நிறம். அம்மா கனநேரம் பாத்தா. "ஆர் நீ?"

மாமியெண்டு சொல்லேல்லை, அதுவே பெரிய காரியம். தண்ணி வாங்கேல்லை.

மே 15, வியாழன்

நானொரு விசரி. கோப்பியைக் குழைச்சு உச்சியிலை இருந்து அப்பி முடிச்சாப்பிறகுதான் மண்டையிலை உறைச்சுது, அது வீட்டுக் கோப்பித்தூள். மல்லி, மிளகு, வேர்க்கொம்பு எல்லாம் போட்டு நானே இடிச்சது. ஐயோ அந்த எரிவு! கண்ணுக்கையும் வழிஞ்சிட்டுது. கிணத்தடிக்கு ஓடினன். கலா சிரிப்பை அடக்கேலாமல் வாளி வாளியா ஊத்தினாள். "தடிமனுக்கு நல்லதக்கா." நானும் சிரிச்சன். அவள் போனாப்பிறகு கிணத்துக்கட்டிலை இருந்து குளறி அழுதன்.

கடையிலை வெறும் கோப்பித்தூள் வாங்கித் திரும்பப் போட்டன். மண்ணிறம். கறுப்பில்லை.

அம்மா மூக்கை உறிஞ்சினா. "கோப்பி மணக்குது." ஆசையா ஒரு தம்ளர் போட்டுக்கொண்டு ஓடினன். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோக முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப்போட்டா.

கனடாவிலை இருந்து தம்பி வீடியோ கோல். அவனைக் கண்ட உடனை தெரியுது! "தம்பி, உவள் உன்ரை மாமி வந்து நிக்கிறாள். உவள் தாறதை வாயிலை வைச்சிடாதை."

"அம்மா, அது அக்கா."

"அக்காவோ? உன்ரை அக்கா கறுத்த தலை, வடிவான பெட்டை. எனக்குத் தெரியாதே?"

தம்பி அழுறான். அங்கை இருந்து அழலாம். எனக்கு அதுக்கும் நேரமில்லை.

மே 16, வெள்ளி

சிரட்டைக்கரி! ஏன் முதலே ஓடேல்லை எனக்கு? சிரட்டை எரிச்சு, அம்மியிலை மா மாதிரி அரைச்சு, சீலைத்துண்டிலை அரிச்சு, தேங்காயெண்ணெயிலை குழைச்சுப் பூசினன். கன்னங்கரேல்.

கதவடியிலை நிண்டன்.

"எடி வதனி! எங்கையடி போய்த் துலைஞ்சனி?"

கஞ்சி முழுக்கக் குடிச்சா. இளநி குடிச்சா. முட்டை அவிச்சுத் தாவெண்டு கேட்டா. கேட்டா!

பிறகு மெல்லமா, "குசினிக்கை மச்சாள் நிக்கிறாள். கலைச்சு விடு."

"கலைச்சுப்போட்டன் அம்மா."

"கெட்டிக்காரி."

பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கவேணும். தலையணை உறை கரிச்சட்டி மாதிரி, பழஞ்சீலை விரிச்சுப் படுக்க.

மே 17, சனி

என்ரை பிழைதான். ஏலாது எண்டு சொல்லியிருக்கலாம்.

மத்தியானம் கரண்ட் நிண்டுட்டுது. ஃபான் இல்லை, தெப்பமா வேர்க்குது. அம்மா கட்டிலிலை சாஞ்சிருந்து கூப்பிட்டா. "வா பிள்ளை, களைச்சுப்போனாய். மடியிலை படு."

எத்தினை வருசமாச்சு. படுத்திட்டன். கரி, வேர்வை, ஒண்டையும் நினைக்கேல்லை. தலையைத் தடவினா, பேன் பாக்கிறவ மாதிரி விரலாலை வகிர்ந்து வகிர்ந்து. எனக்கு நித்திரையே வந்திட்டுது.

கை நிண்டுது. கண்ணைத் திறந்தன். உள்ளங்கையைப் பாத்துக்கொண்டு இருக்கிறா. என்ரை நெத்தியாலை கறுப்பா வழியுது.

"கரி! கள்ளி, என்ரை பிள்ளையின்ரை வேசம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாய் என்ன? என்ரை பிள்ளையை என்னடி செய்தனி?"

ஒழுங்கை முழுக்கக் கேக்கக் கத்தினா. கலா ஓடி வந்தாள், அவளையும் கிட்ட விடேல்லை. அதுக்குப் பிறகு ஒரு துளி இல்லை.

மே 18, ஞாயிறு

காலமை ஒண்டுமில்லை. மத்தியானம் ஒண்டுமில்லை. உதடு வெடிச்சிட்டுது. நாளைக்கு மிஸி வருவா. வாட்டிலை கையைக் கட்டின அந்தக் கட்டுத்தான் கண்ணுக்கை நிக்குது.

குசினியிலை வெறுமனே இருந்தன். அப்பதான் யோசிச்சன், நான் தண்ணியைக் குடுத்துக் குடுத்தெல்லோ பாக்கிறன். பகை முறியிறது அப்பிடியில்லையே. பிழை விட்ட ஆள்தான் வாசல் படலைக்கு வந்து, கூப்பிட்டு நிண்டு, தண்ணி கேக்கவேணும். மாமி கடைசி மட்டும் வரேல்லை.

சவர்க்காரம் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு முழுகினன், பழைய வெள்ளை வரும் மட்டும். மாமி மாதிரி ஒரு கொண்டை முடிஞ்சன். பின்பக்கத்தாலை இறங்கி ஒழுங்கையைச் சுத்திப் போய் எங்கடை வீட்டுப் படலையிலை நிண்டன். வெயில் கொளுத்துது. அம்மான்ரை கட்டில் விறாந்தையிலை.

"மச்சாள்!"

அம்மா பாத்தா.

"கதியாலைத் தள்ளி நட்டது நான்தான் மச்சாள். பிழை என்னிலைதான். தண்ணி விடாய்க்குது. ஒரு வாய் தருவியோ?"

தரமாட்டா எண்டுதான் நினைச்சன்.

"வெயிலுக்கை நிக்காதை. வா உள்ளுக்கை."

செம்பை ரெண்டு கையாலையும் தூக்கித் தந்தா. பாதியைக் குடிச்சிட்டு நீட்டினன். "நீயும் குடி மச்சாள்." குடிச்சா. மடக்கு மடக்கெண்டு, நெஞ்செல்லாம் ஊத்தி, முழுக்க. பிறகு கஞ்சி கொண்டந்தன். என்ரை கையாலைதான், கரண்டி கரண்டியா.

வாயைத் துடைச்சு விடேக்கை என்ரை கையைப் பிடிச்சா. "வதனிக்குச் சொல்லிப்போடாதை, உன்ரை கையாலை வாங்கினனெண்டு. எனக்காண்டி உன்னோடை கதையாமல் இருக்கிற பிள்ளை. மனம் நோவாள்."

"சொல்லமாட்டன் மச்சாள்."

இண்டைக்குக் கஞ்சி ஒரு கோப்பை, இளநி அரைவாசி, பின்னேரம் ஒரு முட்டை. வதனி எப்ப வருவாளெண்டு கேட்டுக்கொண்டே இருக்கிறா.