என் காலடியில் ஒரு பிரேக்

மார்ச் 4, திங்கள்

இன்றும் கத்திவிட்டேன். கிளட்ச் மாமா மேல்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், இப்போதுதான் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறார். கிளட்சைக் கால் வைத்துக்கொள்ளும் பலகை என்றே முடிவு செய்துவிட்டார், அதனால் இந்தப் பெயர். மனதுக்குள் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுகிறேன். இன்று மனதுக்குள் இருந்தது வாய்க்கு வந்துவிட்டது.

மாலையில் பயிற்சிப் பள்ளி முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். "நீங்க நல்லா சொல்லித்தர்றீங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஜனங்க அழுதுக்கிட்டே வண்டிய விட்டு இறங்குனா திரும்ப யாரு வருவா? இன்னொரு புகார் வந்தா நான் யோசிக்க வேண்டியிருக்கும்." தலையாட்டிவிட்டு வந்தேன். இத்தனை வருஷம் வேலை பார்த்த இடத்தில் இந்தப் பேச்சு.

என்னிடம் கற்கும் நூலகக்காரம்மா போன வாரம் ஒரு ஒல்லிப் புத்தகம் கொடுத்தார். "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். இன்று திறந்து பார்த்தேன். ஸ்டோயிக் தத்துவமாம். அந்தக் காலத்துக் கிரேக்கர்களும் ரோமர்களும் வாழ்ந்து பார்த்த வழி. சுருக்கம் இவ்வளவுதான்: சிலது நம் கையில் இருக்கிறது — நம் எண்ணம், நம் சொல், நம் செயல். மற்றது நம் கையில் இல்லை — மழை, நெரிசல், அடுத்தவர் மண்டை. முதலாவதைக் கவனி, இரண்டாவதற்காக வேகாதே. மாலையில் உட்கார்ந்து, இன்று எங்கே தவறினேன் என்று உன்னையே கேள்.

சரி, கேட்கிறேன். அதற்குத்தான் இந்த நோட்டு.

என் வேலைக்கு ரொம்பப் பொருத்தம். ஸ்டியரிங் மாணவர் கையில். என் காலடியில் தனியாக ஒரு பிரேக். அதற்கு மேல் எனக்கு என்ன இருக்கிறது?

மார்ச் 5, செவ்வாய்

இன்று என்னவெல்லாம் கெட்டது நடக்கலாம் என்று காலையிலேயே நினைத்துப் பார்க்கச் சொல்கிறது புத்தகம். நினைத்தேன். எல்லாமே நடந்தது. கத்தவில்லை.

மார்ச் 9, சனி

வசதியை வேண்டுமென்றே கொஞ்சம் குறைத்துக்கொள்ளவும் பழக வேண்டுமாம். பச்சைத் தண்ணீரில் குளித்தேன். நடுங்கிக்கொண்டு வெளியே வந்தால் அக்கா சிரிக்கிறாள். "ஜலதோஷம் பிடிச்சா தைலம் தேய்க்க என்னைக் கூப்பிடாதே. உன் கிரேக்கக்காரனையே கூப்பிடு."

அக்கா பிசியோதெரபிஸ்ட். இடுப்பு உடைந்தவர்கள், ஒரு பக்கம் விழுந்துபோனவர்கள் என்று வீடு வீடாகக் காரில் போய்ப் பயிற்சி கொடுக்கிறாள். அத்தான் இறந்தபிறகு என்னோடு வந்துவிட்டாள். நான் கல்யாணமே செய்துகொள்ளாதவள், எனக்கு யாரும் வேண்டாம் என்று இருந்தவள். இப்போது அவள் கார் வாசலில் வந்து நிற்கிற சத்தம் கேட்டால்தான் எனக்குச் சாப்பாடு இறங்குகிறது. இதை அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் கிண்டல் செய்தே கொன்றுவிடுவாள்.

மார்ச் 14, வியாழன்

அக்கா காரில் இடது பக்கக் கண்ணாடி உடைந்து தொங்குகிறது. எங்கள் கேட் தூணில் உரசியிருக்கிறாள். இதற்கு முன்னாலும் அதே பக்கத்தில் ஒரு கீறல் வந்தது.

"கேட்ல இடமே பத்தலடி" என்றாள்.

அதே கேட். அதே கார்.

ஏதோ சொல்ல வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அவள் வண்டி, அவள் கண்ணாடி. என் கையில் இல்லாத விஷயம். முன்பென்றால் இதற்கு ஒரு மணி நேரம் சண்டை போட்டிருப்பேன். தேறிவிட்டேன்!

மார்ச் 19, செவ்வாய்

சிக்னலில் பச்சை விழுந்ததும் கிளட்ச் மாமா வண்டியை ஆஃப் ஆக்கிவிட்டார். பின்னால் ஹார்ன் மேல் ஹார்ன். "பரவால்ல சார், அவங்க அடிக்கட்டும். நீங்க நிதானமா எடுங்க" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உடம்பு கிடம்பு சரியில்லையாம்மா?"

மார்ச் 24, ஞாயிறு

அக்காவோடு கடைக்குப் போனேன், அவள் காரில். அவள் ஓட்டினாள், நான் இடது பக்கம். முந்தின சிக்னலிலிருந்தே ஒரு சைக்கிள்காரர் எங்களுக்கு இடது பக்கமாகக் கூடவே வந்துகொண்டிருந்தார். பின்னால் பெரிய கூடை. அவரைப் பார்க்காமல் இருக்கவே முடியாது. அக்கா இடது பக்கம் திருப்பினாள். புதிதாக மாட்டிய கண்ணாடியைப் பார்க்கவில்லை, வேகம் குறைக்கவில்லை, அங்கே யாருமே இல்லாத மாதிரி திருப்பினாள்.

என் கால் ஓங்கி மிதித்தது. அங்கே பிரேக் கிடையாது. அது அவள் கார், பயிற்சிக் கார் இல்லை. வெறும் தரையை மிதிக்கிறேன் — மிதிக்கிறேன், மிதிக்கிறேன், வண்டி நிற்கவே மாட்டேங்குது! "அக்கா!" என்று கத்தினேன். அவள் நிறுத்திவிட்டாள். சைக்கிள்காரர் காலை ஊன்றி எங்களை முறைத்தார், ஏதோ திட்டினார், போய்விட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை.

"எங்கேருந்து வந்தான் அவன்?" என்றாள் அக்கா. முகம் வெளுத்திருந்தது.

கொஞ்ச தூரம் போய், "உன் கால் எதுக்கு அப்படி மிதிச்சுது?" என்று கேட்டாள்.

"பழக்கம்" என்றேன்.

மார்ச் 25, திங்கள்

பழக்கமா? யாரை ஏமாத்தறேன்?

அவளுக்கு அந்தப் பக்கம் தெரியவில்லை. கண்ணாடி உடைந்த அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும்தான் இருந்தது. என் மாணவர் யாராவது இரண்டு தடவை ஒரே பக்கம் உரசினால், அடுத்த நாளே கண் டாக்டரிடம் போகச் சொல்லியிருப்பேன். சொந்த அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் சண்டை வரும், அவள் கோபித்துக்கொண்டு போய்விட்டால் வீடு பழையபடி ஆகிவிடும் என்று பயம். அந்தப் பயத்துக்குத் தத்துவம் என்று பெயர் வைத்து, தேறிவிட்டேன் என்று இங்கே எழுதியும் வைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

அவள் கண் என் கையில் இல்லை. அவள் கோபமும் இல்லை. என் வாய் என் கையில் இல்லையா?

மார்ச் 28, வியாழன்

சொல்லிவிட்டேன். அவள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே. கொஞ்சம் பொறுத்தால் எனக்குத் தைரியம் போய்விடும்.

"அக்கா, உனக்கு இடது பக்கம் சரியாத் தெரியல. கண்ணை டெஸ்ட் பண்ணு. அதுவரைக்கும் வண்டிய எடுக்காதே."

முதலில் சிரித்தாள். பிறகு, "உனக்கு உலகத்துல எல்லாரும் ஸ்டூடண்ட்தான், இல்ல?" என்றாள். பிறகு குரல் உயர்ந்தது. "கார் இல்லாம நான் எப்படி வேலைக்குப் போவேன்? படுத்த படுக்கையா இருக்கறவங்கள நடந்து வரச் சொல்லட்டுமா? அடுத்தவங்க விஷயம் உன் கையில இல்லன்னு உன் புத்தகத்துல போடலையா?"

"நீ டெஸ்ட் பண்ணிக்கறது என் கையில இல்ல. ஆனா நீ பண்ணிக்காம ஓட்டினா, லைசென்ஸ் ஆபீஸுக்கு நானே சொல்லுவேன்."

"சொல்லுவியா? கூடப் பொறந்தவளையா?"

"சொல்லுவேன்."

கத்தவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளிடம் சண்டையில் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அவள் அறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். நான் சமையலறையில் நின்றபடியே அழுதேன்.

மார்ச் 29, வெள்ளி

காலையில் அவள் குளிக்கும்போது கார் சாவியை எடுத்து அரிசி டப்பாவுக்குள் போட்டேன். பிறகு திரும்ப எடுத்து மாட்டினேன். திருட்டுத்தனமாகச் சாவியை ஒளித்துவைக்க அவள் என்ன குழந்தையா? சொன்னது சொன்னதுதான், முடிவு அவளுடையது. ஆனால் அவள் வெளியே வரும்வரை சாவியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் சாவியைத் தொடவில்லை. குடையை எடுத்துக்கொண்டு நடந்து போய்விட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

இன்னும் பேசவில்லை.

ஏப்ரல் 6, சனி

"திங்கக்கிழமை லீவு போடு. கண் டாக்டர்கிட்ட போகணும்" என்றாள். சுவரைப் பார்த்துச் சொன்னாள். போடுகிறேன் என்று நானும் சுவருக்கே சொன்னேன்.

ஏப்ரல் 8, திங்கள்

கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறதாம். வலிக்காது, சிவக்காது, ஓரத்திலிருந்து மெதுவாகப் பார்வையைத் தின்றுகொண்டே வருமாம். ஒரு இயந்திரத்தின் முன் உட்கார வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பக்கம் புள்ளி வந்தபோதெல்லாம் அவள் விரல் அசையவே இல்லை. காத்துக்கொண்டிருந்தாள், பாவி, இன்னும் வரவில்லை என்று.

டாக்டரம்மா நேராகச் சொன்னார். "இடது கண்ல ஓரப் பார்வை போயிடுச்சு. வலதுலயும் ஆரம்பிச்சிருக்கு. போனது திரும்ப வராதும்மா. இருக்கறதக் காப்பாத்தலாம். தினமும் சொட்டு மருந்து விடணும், விட்டுடக்கூடாது. வண்டி இனிமே வேண்டாம்."

அக்கா தலையாட்டினாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா?"

டாக்டர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குக் காதில் விழவில்லை. மார்ச் பதினாலாம் தேதி தொங்கிக்கொண்டிருந்த கண்ணாடிதான் கண்முன்னால் நின்றது.

ஏப்ரல் 15, திங்கள்

அக்காவின் நோயாளிகளில் பாதிப் பேர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். மீதிப் பேர் வீட்டுக்குப் பஸ்ஸில் போகிறாள்.

நூலகக்காரம்மாவிடம் இன்று வண்டிக்குள்ளேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "எனக்கு அழுகை நிக்கமாட்டேங்குது. உங்க புத்தகம் என்கிட்ட வேலைக்காகல" என்றேன். "அழக்கூடாதுன்னு அதுல எங்க டீச்சர் போட்டிருக்கு? அழுதுட்டு அடுத்து செய்யவேண்டியதச் செய்யலாமே" என்றார். அப்புறம் சிக்னலைக் கவனிக்காமல் போய்விட்டார். கத்தினேன். அவரும் சிரித்துவிட்டார், நானும்.

மே 5, ஞாயிறு

அக்காவோடு வேலை பார்க்கும் பெண் வந்து காரை விலைக்கு வாங்கி எடுத்துக்கொண்டு போனாள். அக்கா வாசலுக்கு வரவில்லை.

வீட்டில் பேச்சு இன்னும் தேவைக்கு மட்டும்தான். "தண்ணி வருது." "கதவச் சாத்து." மருந்தை அவளே விட்டுக்கொள்கிறாள். இன்று தெருவில் ஒரு பள்ளத்தைப் பார்த்து அவள் கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள். "நான் ஒண்ணும் குருடி இல்ல." எனக்கும் சுருக்கென்றது. "அப்ப விழு, எனக்கென்ன!" என்று நடுத்தெருவில் கத்தினேன்.

எங்கே தவறினேன்? இங்கேதான். கேட்கவே வேண்டாம்.

அவள் வெறுப்பது அவள் இஷ்டம். மறுபடி சொல்ல வேண்டி வந்தாலும் சொல்வேன். இதை எழுதும்போது என் மனசு கல்லு மாதிரி இருக்குன்னு யாராவது நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும். எனக்கு அவ வேணும். பழைய மாதிரி என்னைக் கிண்டல் பண்ணிக்கிட்டு வேணும்.

மே 21, செவ்வாய்

கிளட்ச் மாமா தேர்வில் தேறிவிட்டார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "திட்டினாலும் நீங்கதாம்மா" என்றார். முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 8, சனி

மாலையில் அக்காவோடு கடைத்தெருவுக்குப் போனேன். அவள் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் பையை எடுத்தாள், நான் செருப்பைப் போட்டேன், அவ்வளவுதான். போன தடவை பட்ட பாட்டில், அவள் கையைத் தொடாமல் வலது பக்கமாகத் தள்ளியே நடந்தேன்.

கூட்டம். இடது பக்கமிருந்து ஒரு பெண் வந்து அக்காவின் தோளில் மோதிவிட்டு, "பாத்து வரக்கூடாதா?" என்று முறைத்தாள். நான் வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

அக்கா நின்றாள். கையிலிருந்த பையை வலது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஏய், இந்தப் பக்கம் வா."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். இந்தப் பக்கம்தான் எனக்குத் தெரியறதில்ல."

போனேன். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ன வந்தாலும் சொல்லு. கத்தாம சொல்லு" என்றாள்.

சொல்லிக்கொண்டே வந்தேன். தள்ளுவண்டி. படி. ஸ்கூட்டர். நாய்.

"நாய் குரைக்கறது எனக்கும் கேக்குதுடி" என்றாள் அக்கா.