பெர்மெட் இழுத்துவிட்ட திரை

பாட்கென்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? அம்மாவின் இருமல் நின்றதா? நான் சௌக்கியம்.

பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்கத்தான் இந்தப் பள்ளியில் எனக்கு வேலை. பெற்றோர் மாஸ்கோவில் வேலைக்குப் போயிருக்கும் எட்டாம் வகுப்பு பெர்மெட் மட்டுமே என்னிடம் வருவாள். "காலைல எந்திரிக்கவே வேணாம்னு தோணுதுக்கா" என்று போன வாரம்தான் வாய் திறந்தாள். பயந்துபோய் அவளை வீட்டில் வைத்து வளர்க்கும் பெரியப்பாவை வரவழைத்து அதைச் சொன்னேன்.

"பைத்தியம்னு பேர் வந்தா இவள யாரு கட்டுவான்? உங்க வேலையப் பாருங்க" என்று பள்ளியிலிருந்தே அவளைக் கூட்டிப்போய்விட்டார். வீட்டுக்குப் போய்த் தட்டினேன், கதவு திறக்கவில்லை. ஜன்னலில் பெர்மெட் நின்றாள். என்னைக் கண்டதும் திரையை இழுத்துவிட்டாள்.

நீங்கள் கவலைப்படாதீர்கள், நாளையும் போய்த் தட்டுவேன். கம்பளிக் காலுறை அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யுங்கள். ஆடு குட்டி போட்ட கதையானாலும் போதும், இங்கே என்னோடு யாரும் பேசுவதில்லை. கடிதம் கொண்டுபோகும் பஸ் கிளம்புகிறது.

அய்சுலு