பேசினும் துண்டும்

கோவை
8.6.2024

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பேச்செடுத்தால் "சரி, வைம்மா" என்று பாதியிலேயே வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

தலைப்பிரசவத்துக்கு நம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்கிறீர்கள். நம் பேகம்பூர் முழுக்கச் சொல்லியும் வைத்திருக்கிறீர்கள். நான் வரமாட்டேன் அத்தா.

போன வாரம் உங்களோடு ரவுண்ட்ஸ் வந்தேனே, நினைவிருக்கிறதா? நிலக்கோட்டை பேச்சாயியின் சிசேரியன் தையலை வெறுங்கையால் அமுக்கிப் பார்த்தீர்கள். சீழ் விரலில் வழிந்தது. ஆயா சைதூன் அக்கா பின்னாலேயே தூக்கிவந்த பேசினில் கையை முக்கி, அவர் தோளில் கிடந்த துண்டில் துடைத்தீர்கள். நேரே அடுத்த கட்டிலுக்குப் போய் ஒரு பச்சைப்பிள்ளையின் தொப்புளைத் தொட்டீர்கள். வார்டு முடியும்வரை அதே தண்ணீர், அதே துண்டு. தண்ணீர் ரசம் மாதிரி கலங்கி, மேலே படலம் மிதந்தது. வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். "ஏழாம் மாசத்துலயுமா மசக்கை?" என்று சிரித்தீர்கள். சீ! மசக்கையா அது? அருவருப்பு அத்தா.

இங்கே ஆஸ்பத்திரியின் தொற்றுத் தடுப்புப் பிரிவில் என் வேலையே டாக்டர்களைக் கை கழுவ வைப்பதுதான். சொந்த அத்தாவிடம் வாய் திறக்க முடியவில்லை.

உங்கள் மகள்
ஃபாயிஸா


திண்டுக்கல்
14.6.2024

அன்பு மகளுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கால் வீக்கம் வற்றியதா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மா அழுதாள். நீ பிறந்ததும் இந்தக் கையில்தான். கைராசி டாக்டர் என்று ஒட்டன்சத்திரத்திலிருந்து ஜனங்கள் வருகிறார்கள். அந்தக் கையையா அசிங்கம் என்கிறாய்? எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த டாக்டருக்கும் பேசின் பிடித்தார்கள். அது ஒரு மரியாதை. தண்ணீரில் மருந்தும் ஊற்றித்தானே இருக்கிறது?

ஆனாலும் உனக்காக வார்டு முழுக்கப் போஸ்டர் ஒட்டியாயிற்று. கட்டிலுக்கு ஒன்றாகச் சுவரில் கையில் தேய்க்கும் கிருமிநாசினி பாட்டிலும் மாட்டியாயிற்று. ஒன்பதாம் மாதம் கார் அனுப்புகிறேன். அடம்பிடிக்காமல் வந்து சேர்.

அத்தா


கோவை
19.6.2024

அன்புள்ள அத்தாவுக்கு,

உங்கள் வார்டு நர்ஸ் சகாயசெல்வியிடம் போனில் கேட்டேன். பாட்டில்களின் மூடியைக்கூட யாரும் திறக்கவில்லையாம். பேசின் மட்டும் இன்னும் ஊர்வலம் போகிறதாம். போஸ்டரைப் பார்த்துக் கை கழுவிய ஒருவரையும் நான் கண்டதில்லை. பெரிய டாக்டர் செய்வதைத்தான் வார்டு செய்யும்.

ஒன்று கேட்கிறேன். ரவுண்ட்ஸ் முடிந்ததும் பேசினைக் கொட்டவிடாதீர்கள். குனிந்து பாருங்கள், மோந்து பாருங்கள். உங்கள் பேரப்பிள்ளையை அந்தத் தண்ணீரில் குளிப்பாட்டி, அந்தத் துண்டால் துவட்டுவீர்களா? "செய்வேன்" என்று எழுதுங்கள், மறுநாளே வாரேன்.

ஃபாயிஸா


திண்டுக்கல்
29.6.2024

அன்பு மகளுக்கு,

கோபத்தில் இத்தனை நாள் பதில் போடவில்லை. முந்தாநாள்தான் குனிந்து பார்த்தேன்.

பஞ்சுத் துணுக்கு, உறைந்த ரத்தம், யாருடையதோ ஒரு முடி. அழுகின முட்டை வாடை. "என்னத்த மோந்து பாக்குறீங்க டாக்டரு? நாளைக்கு வேணும்னா மருந்த இன்னுங் கொஞ்சம் கூட ஊத்திருவோம்" என்றார் சைதூன். பேசினைப் பிடுங்கிப்போய் நானே சாக்கடையில் கொட்டினேன். அங்கேயே வாந்தி எடுத்தேன். மத்தியானம் சோற்றில் கை வைக்கக் கூசியது. ஸ்பூன் கேட்டேன். உன் அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நேற்று ஒவ்வொரு கட்டிலிலும் சுவர் பாட்டிலை அமுக்கிக் கையைத் தேய்த்த பிறகுதான் நோயாளியைத் தொட்டேன். சின்ன டாக்டர் ரோஹித்தும் என்னைப் பார்த்து அப்படியே செய்தான். மனசு குளிர்ந்துபோயிற்று. பிறகு என் அறைக்குப் போய் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். ஒரு கிழவியின் கால்புண்ணைப் பிதுக்கிவிட்டு, விரலைத் தன் வெள்ளைக் கோட்டில் துடைத்துக்கொண்டு, இன்னும் புண் ஆறாத பேச்சாயியிடம் போகிறான். கத்திக்கொண்டே ஓடினேன். "உங்ககிட்ட பாத்துப் பழகுனதுதான சார்" என்கிறான். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அவன் கோட்டையும் என் கையையும் பார்க்கப் பார்க்கக் குமட்டுகிறது.

ஆகவே நீ வராதேம்மா. கார் அனுப்பமாட்டேன். அங்கேயே பெற்றுக்கொள், அம்மாவை அனுப்பிவைக்கிறேன். பேகம்பூரில் யாராவது கேட்டால், என் ஆஸ்பத்திரி இன்னும் சுத்தமாகவில்லை என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

பிள்ளை பிறந்ததும் பார்க்க வருவேன். உன் கண் முன்னாலேயே கை கழுவுகிறேன். நீயாகக் கொடுக்கும்வரை கையை நீட்டமாட்டேன்.

அத்தா