மூன்றாம் பகுதியின் பாவு

கிரியூ பட்டு நெசவாலை

அம்மாவுக்கு மிட்சுயோ வணங்கி எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே சின்னதாய் ஒரு கூத்து. தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலை உருளையில் பகுதி பகுதியாகச் சுற்றும்போது, பேச்சு சுவாரசியத்தில் எண்ணிக்கையை விட்டு, மூன்றாம் பகுதிக்குச் சில சுற்றுகள் குறைத்துவிட்டேன். நெய்யும்போது மூன்றாம் பகுதியில் மட்டும் நூல் முன்பே தீர்ந்து, மற்ற பகுதிகளில் மிஞ்சிய பட்டெல்லாம் வீணாயிற்று.

“யாருடி உனக்கு இப்படிச் சுத்தக் கத்துக்குடுத்தது?” என்றாள் பக்கத்துத் தறி சிசுரு.

பயத்தில், “எங்கம்மாதான். எண்ண வேண்டாம்னாங்க” என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

“பாவம், அவங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ஒவ்வொரு சுத்தையும் வாய்விட்டு எண்ணணும்டி” என்றாள். நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தை. புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டினேன் அம்மா.

சங்கு ஊதிவிட்டது. முள்ளங்கி ஊறுகாய் அனுப்பு, சிசுருவுக்கும் சேர்த்து. அதையாவது உன் பெயரைச் சொல்லிக் கொடுக்கிறேன்.

மிட்சுயோ