குளுக்கோஸ் பாக்கெட்

கும்மிடிப்பூண்டி,
வியாழன்

அன்புள்ள நைனாவுக்கு,

திலகா எழுதுகிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பள்ளிப்பட்டில் மழை உண்டா? போனில் சொன்னால் அம்மா நடுவில் போனை வாங்கித் திட்டுவாள் என்றுதான் கடிதம்.

எங்கள் பள்ளியில் இந்த வருஷம் வாலிபால் மைதானத்துக்கு விளக்குக் கம்பமே நட்டுவிட்டார்கள். என் கெமிஸ்ட்ரி லேபில் நாற்பது பிள்ளைகளுக்கு மூன்று பர்னர். பி.டி. மாஸ்டர் இம்மானுவேல் விசிலைச் சுழற்றிக்கொண்டு போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

போன வாரம் பிராக்டிகல். சர்க்கரைச் சோதனைக்குக் குளுக்கோஸ் தீர்ந்துபோயிருந்தது. ஆட்டக்காரர்களுக்கு வைத்திருந்த பாக்கெட் ஒன்றை அவர் அலமாரியிலிருந்து சொல்லாமல் எடுத்துவந்துவிட்டேன். நீலக் கரைசல் செங்கல் நிறமாக மாறியதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். திரும்பினால் வாசலில் இம்மானுவேல்.

"இன்னா டீச்சர், கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே? இன்னும் ரெண்டு பொட்டி கீது, எடுத்துக்கினு போங்க" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பயப்படாதீர்கள், வேலைக்கு ஆபத்தில்லை. யாராவது இந்தப் பக்கம் வந்தால் மாங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். நீங்களே வந்தாலும் சரி. ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை நகரவே மாட்டேன் என்கிறது.

பெல் அடித்துவிட்டது. ஒன்று மட்டும் கேட்கிறேன். தம்பிக்கு ஓட்டப்பந்தயத்துக்கு ஸ்பைக் ஷூ வாங்கிய வருஷம், எனக்குக் கெமிஸ்ட்ரி கைடு வேண்டும் என்று நான் வாயே திறக்கவில்லை. கேட்டிருந்தால் வாங்கித் தந்திருப்பீர்களா, நைனா?

உங்கள் மகள்
திலகவதி