வெள்ளிக்கிழமைப் பாட்டுப்பெட்டி

மே 11, 1937. செவ்வாய்.

காலையிலிருந்து ஒரே டாக்கிப் படத்துப் பாட்டுப் பிளேட்டைக் கிராமபோனில் திரும்பத் திரும்பப் போடச் சொல்லி உயிரை எடுத்துவிட்டார்கள். கடை வாசலில் கூட்டம். கேட்கத்தான் கூட்டம், வாங்க ஒரு ஈ காக்கை இல்லை. பாடுகிறவன் மைக்கைப் பார்த்துப் பயந்துகொண்டே பாடுகிறான். அது எனக்கு மட்டும்தான் கேட்கிறது போல. நாம் தொண்டையைச் செருமி உட்காருவதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது. இதெல்லாம் ஒரு பாட்டா?

நாடகக் கொட்டகையில் ஸ்திரீபார்ட் சுடலையைக் கேட்டவன் நான். ஆம்பளைதான். சேலை கட்டி, சவுரி வைத்து, ராணியாக வந்து வாயைத் திறந்தால் தரை டிக்கெட்டில் கடலை தின்கிறவன் மெல்லுவதை நிறுத்துவான். மைக்காவது மண்ணாங்கட்டியாவது! 'ஒன்ஸ்மோர்' என்று கத்தினால் போதும், அழுத ராணி கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து அழுவாள். இப்போது தெருவில் நிற்கிற பயல்கள் பெட்டியைப் பார்த்து ஒன்ஸ்மோர் கத்துகிறார்கள். பெட்டிக்கு என்ன தெரியும்? சாவி கொடுப்பவன் நான்.

வீட்டில் விஜயத்துக்கும் டாக்கிப் பாட்டுதான். புளி கரைக்கும்போதே முனகுகிறாள். கட்டின பெண்டாட்டியே இப்படி என்றால் யாரிடம் போய்ச் சொல்ல? "நீங்க குரலைக் கேக்குறீங்க, நான் பாட்டைக் கேக்குறேன்" என்கிறாள். பெரிய இவ.

மே 14. வெள்ளி.

ஜும்மாவுக்காக மத்தியானம் பலகை போட்டுக் கடையை அடைச்சாச்சு. வெள்ளிக்கிழமை வழக்கம் இது. முதலாளி ஜலீல் அண்ணே பள்ளிவாசலுக்குப் போவார், நான் உள்ளேயே சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்வேன். இன்று தூக்கம் வரவில்லை. போகும்போது சொல்லிவிட்டுப் போனார். டவுன் ஹால் ரோட்டில் கரண்டில் பாடுகிற பெட்டி வைத்துப் புதுக்கடை வந்துவிட்டது, நம் சரக்கு நகரவில்லை, திண்டுக்கல்லில் அவர் தம்பி தோல் மண்டிக்குக் கூப்பிடுகிறாராம். "வைகாசிக் கல்யாணங்களுக்குப் பெட்டியை வாடகைக்கு விட்டுப் பாப்போம், கண்ணு. ஆடி முடியிறதுக்குள்ள தேறலைன்னா கடையைக் கட்டிருவேன்."

அவருக்குத் தோல் மண்டி இருக்கிறது. எனக்கு? மறுபடி மில்லுதான். மச்சினன் ஸ்பின்னிங்கில்தான் இருக்கிறான், சொன்னால் சேர்த்துவிடுவான். அந்தப் பஞ்சுத் தூசி நெஞ்சிலிருந்து இறங்கவே எனக்கு வருஷக்கணக்கில் ஆனது. மில் சங்கு ஊதினால் இன்னும் தூக்கத்திலிருந்து எழுந்து உட்காருகிறேன். போக மாட்டேன். போகவே மாட்டேன்.

மே 18.

கோச்சடைக் கல்யாணம் ஒன்றுக்கு முதல் வாடகை பேசியாச்சு. பெட்டியின் பித்தளைக் குழாயைப் புளி போட்டுத் துலக்கினேன். முகம் தெரிகிறது.

மே 20. வியாழன்.

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

பெட்டியையும் குழாயையும் ஜட்காவில் ஏற்றி வைகை ஓரமாகவே கோச்சடை போய்ச் சேர்ந்தேன். பொண்ணுக்குத் தாய் ராமக்காள் வாசலிலேயே நின்று குழாய்க்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். ஒத்தப் பொண்ணாம், கீழக்குயில்குடியில் கொடுக்கிறார்கள். பந்தி முடிகிற வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு. பிள்ளைகள் குழாய்க்குள் தலையை விட்டு, உள்ளே ஆள் இருக்கிறானா என்று பார்த்தன.

பொண்ணை வண்டியேற்றுகிற நேரம். ராமக்காள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, தாயும் மகளுமாக இருக்கிற நல்ல பாட்டு ஒன்று போடச் சொன்னாள்.

தாயும் மகளும் என்றால் எனக்கு ஒரே பாட்டுதான். சுடலை பாடினது. காணாமல் போன மகளைத் தேடி ராணி ஆற்றங்கரைக்கு வருவாள். மகள் பேச்சுமூச்சில்லாமல் கிடப்பாள். ராணி மடியில் போட்டுப் பாடப் பாட, மகள் கண் திறந்து 'அம்மா' என்பாள். கொட்டகையே எழுந்து கை தட்டும். அதைவிட மங்களமான பாட்டு உண்டா?

ஆனால் பிளேட்டுக்கு ரெண்டு பக்கம். மகள் எழுந்திருப்பது மறுபக்கத்தில்தான். முதல் பக்கம் பூராவும் அவள் செத்துத்தான் கிடக்கிறாள். இது எனக்கு அப்போ தோணவே இல்லையே! என் மனசில் அது ஒரே பாட்டு, சந்தோஷமா முடியிற பாட்டு.

ஊசியை வைத்தேன். சுடலை எடுத்த எடுப்பில் ஒப்பாரி. என்னத்துக்கு இம்புட்டு அமைதி என்று நிமிர்ந்து பார்க்கிறேன், 'பாடை' என்ற வார்த்தை வந்து விழுகிறது. பொண்ணு வண்டியில் ஒரு கால் வைத்தபடி நிற்கிறாள். கிழவிகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ராமக்காள் ஓடி வந்தாள்.

"நிறுத்துய்யா அதை. எம்பொண்ணு வாழப் போறா."

மறுபக்கத்தில் எழுந்துவிடுவாள் அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். யார் கேட்டார்கள்? பொண்ணுக்கு மாமன்காரர் அழகுமலை குழாயைக் கழற்றிக் கொண்டுபோய் தெருவில் வைத்தார். என் மேல் கையை ஓங்கவில்லை. ஓங்கியிருந்தால் தேவலை.

மே 21.

சோறு இறங்கவில்லை. விஜயம் இன்று ஒரு பாட்டும் முனகவில்லை. அது அதைவிட மோசம்.

ஜூன் 2. புதன்.

வாடகைக்குப் பேசியிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து வேண்டாம் என்று சொல்லிப் போனார்கள். 'எழவுப் பெட்டி' என்று பேர் வைத்திருக்கிறார்களாம். ஜலீல் அண்ணே மூலையில் உட்கார்ந்து தம்பிக்குக் கார்டு எழுதிக்கொண்டிருந்தார். நான் ஊசி டப்பாவைத் துடைத்தேன். துடைத்ததையே துடைத்தேன்.

ஜூன் 5.

விஜயம் கடைசியில் வாயைத் திறந்தாள். அந்தப் பாட்டில் என்ன வார்த்தை வருகிறது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா என்றாள். எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன் என்றேன். குரலைக் கேட்டிருப்பீங்க என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சரி, இனிமேல் நீயே வந்து கேட்டுச் சொல், எதை எந்த நேரத்தில் போடலாம், எதைப் போடக் கூடாது என்று கத்தினேன். வாசலில் ஆம்பளைக் கூட்டத்தில் எப்படி வந்து நிற்பாள் என்ற தைரியத்தில்தான் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் கடை அடைச்சுத்தானே கெடக்கு" என்றாள்.

ஜூன் 11. வெள்ளி.

வந்தே விட்டாள்! ஜலீல் அண்ணே வீடு கடைக்குப் பின்னாலேயே இருக்கிறது. சந்து வழியாக, அவர் சம்சாரம் மைதீன் பீவி அண்ணியிடம் சொல்லிக்கொண்டு, பின்வாசலில் வந்தாள். பலகை போட்ட கடைக்குள் கொட்டாங்கச்சி விளக்கு மாதிரி லேசான வெளிச்சம். ஒவ்வொரு பிளேட்டாகப் போட்டேன். இது வளைகாப்புக்கு ஆகும், இது ஊஞ்சலுக்கு, இது சாப்பிடும்போது யாரும் கேட்காத நேரத்தில் என்று ஒதுக்கிக்கொண்டே வந்தாள். என் சுடலையை மட்டும் தனியாக வைத்தாள். தூக்கிப் போடவில்லை.

அண்ணி கதவோரம் நின்று கேட்டார்கள். இத்தனை வருஷமாகப் பாட்டுக்கடைக்காரர் பெண்டாட்டி, ஒரு பாட்டையும் முழுசாகக் கேட்டதில்லையாம்.

ஜூலை 2. வெள்ளி.

இந்த நோட்டில் மட்டும் ஒத்துக்கொள்கிறேன். விஜயத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த டாக்கிப் பாட்டை மறுபடி கேட்டேன். அவன் மைக்குக்குப் பயப்படவில்லை. மெதுவாகப் பாடுகிறான். கொட்டகைக்குப் பாடவில்லை, பக்கத்தில் இருக்கிறவளுக்குப் பாடுகிறான். அது வேற வித்தை. சுடலை இதைப் பாடியிருந்தால் வைகைக்கு அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும், பக்கத்தில் இருக்கிறவளுக்குக் காது போயிருக்கும்.

இவளிடம் இதைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இறங்கவே மாட்டாள்.

ஜூலை 16. வெள்ளி. ஆடி பிறந்தது.

ஆடியில் கல்யாணமும் இல்லை, வாடகையும் இல்லை. ஆனால் இன்று ஒன்று நடந்தது. மீனாட்சியைப் பார்க்க வந்த பெண்கள் உச்சிக்காலம் முடிந்து கோயில் நடை சாத்தியதும் சாயங்காலம் வரைக்கும் எங்கே போவார்கள்? எங்கள் கடை நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டு ஒரு அம்மாள் பலகையைத் தட்டினாள். அண்ணி சந்து வழியாகப் போய் அம்புட்டுப் பேரையும் உள்ளே அழைத்து வந்துவிட்டார்கள். வெயிலில் கெடக்காளுக பாவம், தண்ணியாவது குடிக்கட்டும் என்று.

தண்ணீர் குடித்தார்கள். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

எனக்கு நிற்க இடமில்லை. "நீங்க செத்த வெளிய இருங்க" என்று என்னை என் கடையிலிருந்தே வெளியேற்றினாள் என் பெண்டாட்டி. சாவி கொடுக்கவும் ஊசி மாற்றவும் எப்போது கற்றுக்கொண்டாள்?

ஜூலை 17.

காலையில் ஆம்பளைகள் வந்தார்கள். தலையைச் சொறிந்துகொண்டு, "வீட்டுல ஒரு பாட்டு சொன்னாக" என்று ஆரம்பிக்கிறார்கள். பேர் தெரியவில்லை, முனகிக் காட்டுகிறார்கள். மீசை வைத்த மனுஷன் தாலாட்டு முனகுவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். வாங்கிக்கொண்டு போனார்கள். ஜலீல் அண்ணே என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

ஜூலை 30. வெள்ளி.

அண்ணே தொழுகை முடிந்து வந்தவர் சந்தெல்லாம் செருப்பாகக் கிடப்பதைப் பார்த்து, இருமிவிட்டு, எதிர்த்த சர்பத் கடைக்குப் போய்விட்டார். தன் வீட்டுக்குள் போகவே கூச்சம். வெள்ளிக்கிழமையில் இனி நாம் ரெண்டு பேரும் சர்பத் கடைதான் என்றார். ஆனால் நம் கடையைக் கட்டுகிற பேச்சை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 8.

மச்சினன் வந்தான். மில்லில் ஆள் எடுக்கிறார்களாம், ஆவணி ஒண்ணாம் தேதி வந்து நின்றால் சேர்த்துவிடுவார்களாம், இப்போதே ஒரு வார்த்தை சொல்லச் சொன்னான். திண்டுக்கல்லிலிருந்தும் ஜலீல் அண்ணனுக்கு ஆள் வந்து போயிருக்கிறது. அவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்கப் பயமாக இருக்கிறது. மச்சினனிடம், கடைசி ஆடி வெள்ளி கழியட்டும் என்றேன்.

ஆகஸ்ட் 13. கடைசி ஆடி வெள்ளி.

அண்ணனும் நானும் சர்பத் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கோச்சடைப் பக்கத்திலிருந்து வந்த வண்டி ஒன்று சந்து முனையில் நின்றது. இறங்கினவள் ராமக்காள். கூடவே பொண்ணு, ஆடிக்குத் தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள் போல. நல்லா இருக்கிறாள், முகத்தில் மஞ்சள் மின்னுகிறது. கிளாஸுக்குப் பின்னால் முகத்தை மறைத்தேன். மறைக்கவா முடியும்? ராமக்காள் என்னைப் பார்த்துவிட்டாள். நேரே தெருவைக் கடந்து வந்தாள்.

"அன்னைக்குப் பாதியில நிறுத்திப்புட்டேன்ய்யா. அந்தத் தாய்க்கு மக கெடச்சாளா இல்லையான்னு தெரியாம, நெதமும் மனசு அடிச்சிக்கிருது. எம்பொண்ணு இப்ப பக்கத்துல இருக்கா. மிச்சத்தைக் கேட்டுட்டுப் போறேன்."

சொல்லிவிட நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. உள்ளே விஜயம் இருக்கிறாள் அம்மா, சுடலை பிளேட்டு என்று கேளுங்கள் என்றேன்.

பலகைக்குப் பின்னாலிருந்து சுடலை குரல் கிளம்பியது. தெருவில் போனவர்கள் நின்றார்கள். பாடை என்ற இடம் வந்தது, போனது. முதல் பக்கம் முடிந்து சத்தம் அடங்கியது. ராமக்காள் மறுபடி நிறுத்தச் சொல்லிவிட்டாளா? இல்லை, சாவி கொடுக்கிற சத்தம் கரகரவென்று கேட்டது. மறுபக்கம். ராணி கெஞ்சுகிறாள், ஆற்றைத் திட்டுகிறாள், மகள் கண்ணைத் திறக்கிறாள், 'அம்மா' என்கிறாள். உள்ளே யாரோ விசும்பினார்கள், பிறகு சிரிப்பும் அழுகையுமாக ஒரே கலகலப்பு. நானும் அழுதேன், அதை எழுத எனக்கென்ன வெட்கம்.

அப்புறம் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், கொட்டகையில் தரை டிக்கெட்டில் கேட்கிற மாதிரியே, "ஒன்ஸ்மோர்." ராமக்காள்தான்.

ஜலீல் அண்ணே சர்பத் கிளாஸைக் கீழே வைத்தார்.

"திண்டுக்கல்லுக்கு ஒரு கார்டு போட்டுரு, கண்ணு. நான் வரலைன்னு."

சரி அண்ணே என்றேன். போகிற வழியில் மச்சினன் வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.